ஆய்வேடு என்னும் சொல்

கட்டுரை என்றால் நமக்குப் பள்ளிக்கூட நினைவு வரும். ஆய்வுக்கட்டுரை, ஆய்வேடு என்றாலோ, அவை பெரிய படிப்பாளிகளின் சொற்கள் என்று ஒதுங்கிவிடுகிறோம். அச்சொற்களின் வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம்.

கட்டுரை பழஞ்சொல். சிலப்பதிகாரத்தில் ஒரு பகுதிக்கே கட்டுரை காதை என்று பெயர். மதுரைத் தெய்வம் கண்ணகியிடம் பேசும் பகுதி அது. அங்கே வாய்ப்பேச்சைக் குறித்த சொல், பின்னாளில் உரைநடையில் எழுதுவதற்குப் பெயராயிற்று. ஆய்தல் என்பதும் பழையதே. தொல்காப்பியம் அதற்கு நுணுக்கம் என்று பொருள் கூறுகிறது. நாம் கீரை ஆய்வதில்லையா? பூச்சி அரித்ததையும் பழுத்ததையும் தள்ளி, நல்லதை எடுக்கிறோம். அவ்வாறே செய்திகளை ஆய்ந்து, சான்று காட்டி எழுதுவது ஆய்வுக்கட்டுரை. பட்டம் பெறுவதற்காகப் பல்கலைக்கழகத்துக்கு நூலளவில் எழுதித் தருவது ஆய்வேடு. ஓலையைக் குறித்த ஏடு என்னும் சொல் அதில் இன்றும் வாழ்கிறது.

இவ்விரண்டின் அருமையையும் நம் நாட்டில் உணர்த்தியவர் தனிநாயகம் அடிகளார். 1913-இல் இலங்கையில் பிறந்த அவர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பழந்தமிழ்ப் பாடல்களில் இயற்கை பற்றி ஆய்வேடு எழுதினார். 1961-இல் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்கு வந்தார். 1966 ஏப்ரலில் முதலாவது உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாட்டைக் கோலாலம்பூரில் கூட்டினார். பல நாட்டு அறிஞர்கள் அங்கே ஆய்வுக்கட்டுரை படித்தனர். அவற்றுள் பல ஆங்கிலத்தில் இருந்தன. தமிழைப் புகழ்வதற்கு நாமே போதும். பிற நாட்டார் ஒப்புக்கொள்ள வேண்டுமானால், அவர்களும் சரிபார்க்கக்கூடிய சான்று வேண்டும்.

இதில் நமக்கு என்ன இருக்கிறது என்று கேட்கலாம். ஒரு பிள்ளை “எங்கள் தோட்டம்” என்று கட்டுரை எழுதினால் பால்மரத்தையும் கோவிலையும் அழகாகச் சொல்லும். அதே பிள்ளை, பால்மரம் எந்த ஆண்டில் நடப்பட்டது, முதலில் வந்த குடும்பங்கள் எவை என்று தாத்தா பாட்டியிடம் கேட்டு, பழைய செக்ரோலையும் பள்ளிப் பதிவேட்டையும் ஒப்பிட்டு, இரண்டும் மாறுபட்டால் அதையும் மறைக்காமல் எழுதினால் அது ஆய்வு.

கிள்ளான் பள்ளத்தாக்கில் எத்தனையோ தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறிவிட்டன. மரமும் லயமும் போனபின் எஞ்சுவது முதியோர் நினைவும் பெட்டியில் கிடக்கும் காகிதங்களும்தான். அவற்றையும் விட்டுவிட்டால் நம் முன்னோர் வாழ்ந்ததற்குச் சான்று ஏது? ஆகவே பெற்றோர்களே, அக்காகிதங்களைக் காப்பாற்றுங்கள். பிள்ளைகள் கேட்கும்போது பொறுமையாகச் சொல்லுங்கள். நாளை அவர்கள் எழுதும் ஆய்வேட்டுக்கு அதுவே முதல் பக்கம்.