கஞ்சித்தொட்டியிலிருந்து பட்டா வரை: செங்கல்பட்டுப் பகுதியில் திருச்சபைகளின் ஏழையர் நலப்பணி

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள் கோவில் செல்லும் நெடுஞ்சாலையின் இருபுறமும் இன்று கார், கைப்பேசி, உதிரிபாகத் தொழிற்சாலைகள் நிறைந்துள்ளன. நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு முன் இப்பகுதி முழுவதும் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த ஏரிப்பாசன வேளாண் நிலமாக இருந்தது. இங்கே பணியாற்றிய கிறித்தவத் திருச்சபைகள் முதலில் பள்ளிக்கூடம், பின்னர் பஞ்சகாலக் கஞ்சி, மருத்துவம் என்று உதவி செய்தன. ஆனால் 1890-களில் அவற்றின் பணி வேறொரு திசையில் திரும்பியது. நிலமற்ற உழவர்களுக்கு நிலம் கேட்டு அரசுக்கு மனு எழுதுவது திருச்சபை ஊழியத்தின் ஒரு பகுதியாயிற்று. தமிழ்நாட்டில் இன்று பஞ்சமி நிலம் என்று அறியப்படும் நிலங்களின் வரலாற்றில் இந்த மனுக்களுக்கு இடம் உண்டு.

மிராசும் படியாளும்

பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் ஊர்களில் மிராசுதாரர் என்ற நில உரிமையாளர்கள் ஆதிக்கம் செலுத்தினர். விளைநிலம் மட்டுமல்லாமல் ஊரின் தரிசு நிலத்தின் மீதும், சேரியில் குடிசை நின்ற மனையின் மீதும் அவர்கள் உரிமை கொண்டாடினர். வயலில் உழைத்தவர்களில் பெரும்பாலோர் பறையர் சமூகத்தினர். கடனுக்காகத் தலைமுறை தலைமுறையாக ஒரே பண்ணையில் கட்டுண்டு உழைத்தவர்களைப் ‘படியாள்’ என்றனர். கூலியைத் தானியமாகப் படியில் அளந்து கொடுத்ததால் வந்த பெயர் அது.

தரிசு நிலம் வேண்டுபவர் அரசுக்குத் ‘தர்க்காஸ்து’ என்னும் விண்ணப்பம் தரலாம். ஆனால் அதே நிலத்தை மிராசுதாரர் கேட்டால் அவருக்கே முன்னுரிமை. இதனால் படியாள் ஒருவர் விண்ணப்பித்தாலே போதும், அதுவரை கேட்பாரற்றுக் கிடந்த தரிசு மிராசுதாரருக்குத் தேவையான நிலமாகிவிடும். விண்ணப்பித்தவர் வேலையை இழக்கலாம். குடிசை இருந்த மனையிலிருந்தும் வெளியேற்றப்படலாம். வறுமைக்குக் காரணம் உணவுக் குறைவு மட்டுமல்ல, காலூன்ற ஓர் அடி நிலம் இல்லாமையும்தான் என்பதை இந்த ஏற்பாடு காட்டுகிறது.

முதலில் பள்ளிக்கூடம்

ஸ்காட்லாந்துத் திருச்சபையின் ஜான் ஆண்டர்சன் 1837-இல் சென்னையில் ஒரு பள்ளியைத் தொடங்கினார். பின்னாளில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியாக வளர்ந்தது அதுவே. அடுத்த சில ஆண்டுகளில் காஞ்சிபுரத்திலும் செங்கல்பட்டிலும் அதன் கிளைப் பள்ளிகள் ஏற்பட்டன. காஞ்சிபுரத்தின் ஆண்டர்சன் பள்ளி இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இப்பள்ளிகளின் தொடக்க நோக்கம் உயர்சாதி மாணவர்களுக்கு ஆங்கிலக் கல்வியின் வழியே கிறித்தவத்தை அறிமுகப்படுத்துவதாகும். சென்னைப் பள்ளியில் பறையர் சமூகச் சிறுவர்கள் சேர்க்கப்பட்டது தெரிந்தபோது மற்றவர்கள் அவர்களை நீக்கும்படி கோரினர். ஆண்டர்சன் மறுத்தார், பல மாணவர்கள் பள்ளியை விட்டு விலகினர். ஆயினும் கிராமச் சேரிகளுக்குள் மிஷன் பெருமளவில் நுழைவதற்கு இன்னும் நாற்பது ஆண்டுகள் ஆயின. அதற்குக் காரணமாக அமைந்தது ஒரு பஞ்சம்.

தாது வருஷப் பஞ்சம்

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தாக்கிய பெரும் பஞ்சத்தைத் தமிழ் மக்கள் ‘தாது வருஷப் பஞ்சம்’ என்று நினைவில் வைத்துள்ளனர். அதில் பல இலட்சம் பேர் இறந்தனர். நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறு காசும் போதும் என்று 1877-இல் சர் ரிச்சர்டு டெம்பிள் கூலியைக் குறைத்தது கடும் கண்டனத்துக்கு உள்ளாயிற்று.

கஞ்சி ஊற்றிப் பசியாற்றுவது இப்பகுதிக்குப் புதிதல்ல. 18-ஆம் நூற்றாண்டின் பஞ்சத்தில் சென்னையில் தோன்றிய கஞ்சித்தொட்டியின் பெயரை ஸ்டான்லி மருத்துவமனை நெடுங்காலம் தாங்கியிருந்தது. தாது வருஷப் பஞ்சத்தின்போதும் திருச்சபைகள் நன்கொடை திரட்டி உணவளித்தன. பெற்றோரை இழந்த பிள்ளைகளை ஏற்றுக்கொண்டன. மிஷனரிகளும் உபதேசியார்களும் சேரிகளுக்குள் தொடர்ந்து சென்றுவரத் தொடங்கினர். பஞ்சம் முடிந்த பிறகு சேரி மக்கள் பல இடங்களில் கூட்டமாகத் திருச்சபையை நாடினர்.

மழை பெய்தது, விளைச்சல் வந்தது, ஆனால் படியாளின் நிலை மாறவில்லை. கஞ்சி ஒருவரை அடுத்த நாள் வரை உயிரோடு வைத்திருக்கும். அடுத்த பஞ்சத்திலிருந்து காப்பாற்றாது. சேரிகளில் தங்கிப் பணியாற்றியவர்கள் நடைமுறையில் கற்ற பாடம் இது.

மனு எழுதிய ஊழியர்கள்

இந்தப் பாடத்தைச் செயலாக மாற்றியவர்களில் இருவர் குறிப்பிடத்தக்கவர்கள். ஒருவர் செங்கல்பட்டில் பணியாற்றிய ஸ்காட்லாந்து ஃப்ரீ சர்ச் மிஷனரி ஆடம் ஆண்ட்ரூ. மற்றவர் திருவள்ளூரை அடுத்த இக்காட்டில் பணியாற்றிய வெஸ்லியன் மிஷனரி வில்லியம் கவுடி. இவர்கள் சேரி மக்களின் சார்பில் தரிசு நிலத்துக்கு விண்ணப்பங்கள் அளித்தனர். மனைக்கு உரிமை கேட்டனர். விண்ணப்பம் தள்ளப்பட்டால் மேல்முறையீடு செய்தனர். படியாள் முறையைப் பற்றிச் செய்தித்தாள்களிலும் மிஷன் இதழ்களிலும் எழுதினர்.

இப்பணியில் வெளிநாட்டவரின் பெயர்களே பதிவுகளில் மிகுதியாக நிற்கின்றன. ஆனால் ஊர் ஊராக நடந்து, எந்தத் தரிசு யாருடையது, எந்தக் குடும்பம் எவ்வளவு கடனில் உள்ளது என்று விசாரித்தவர்கள் தமிழ் உபதேசியார்களும் கிராமப் பள்ளி ஆசிரியர்களும்தான். எழுதப் படிக்கத் தெரியாத சேரியில் ஓர் உபதேசியார் இருப்பது, கணக்குப்பிள்ளையின் ஏட்டில் உள்ளதைக் கேள்வி கேட்க ஒருவர் இருப்பது போன்றதாகும். இதனால் உபதேசியார்கள் தாக்கப்படுவதும் ஊரைவிட்டு விரட்டப்படுவதும் உண்டு.

சபை மக்களின் பங்கும் இருந்தது. ஸ்காட்லாந்திலும் இங்கிலாந்திலும் இருந்த சபைகளின் காணிக்கை மிஷனுக்கு வந்தது. தமிழ்ச் சபைகளில் உலை வைக்கும் முன் ஒரு பிடி அரிசியை எடுத்துவைத்து ஞாயிறன்று கொண்டுவரும் பிடியரிசிக் காணிக்கை நிலைபெற்றது. கூலிக்கு நெல் வாங்கும் வீட்டிலும் பிறருக்கென்று எடுத்துவைக்க ஒரு பிடி இருந்தது என்பதே அந்த வழக்கத்தின் சிறப்பு.

1892 அரசாணை

1891-இல் செங்கல்பட்டு மாவட்டத்தின் பொறுப்பு ஆட்சியராக இருந்த ஜே. எச். ஏ. திரமென்ஹீர், மாவட்டத்தின் பறையர் மக்களைப் பற்றி ஓர் அறிக்கையை அரசுக்கு அளித்தார். படியாள் முறை, மனை உரிமையின்மை, தர்க்காஸ்து விதிகளின் அநீதி ஆகியவற்றை அது விரிவாகப் பதிவு செய்தது. மனைக்குப் பாதுகாப்பும் தரிசு நிலமும் பள்ளிகளும் தேவை என்று அவர் பரிந்துரைத்தார். மிஷனரிகள் திரட்டி வைத்திருந்த செய்திகளும் அவர்களின் தொடர் மனுக்களும் இந்த விவாதத்துக்கு வலுச் சேர்த்தன. வருவாய் வாரியம் பல பரிந்துரைகளை ஏற்கத் தயங்கியது. ஆயினும் 30 செப்டம்பர் 1892 அன்று 1010 என்ற எண்ணுள்ள அரசாணை வெளியாயிற்று. ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்கும் கொள்கையின் தொடக்கமாக இது கருதப்படுகிறது.

இது திருச்சபைகளால் மட்டும் கிடைத்தது என்று கூறுவது தவறாகும். அதே 1891-இல் அயோத்திதாசர் நீலகிரியில் திராவிட மகாஜன சபையைக் கூட்டினார். மதுராந்தகம் பகுதியின் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் பறையர் மகாஜன சபையை நிறுவி, 1893-இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். உரிமை கேட்கும் குரல் ஒடுக்கப்பட்டோரிடமிருந்தே எழுந்துகொண்டிருந்த காலம் அது.

ஒதுக்கப்பட்ட நிலங்களுக்குப் பின்னாளில் நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. முதல் 10 ஆண்டுகள் யாருக்கும் விற்கக் கூடாது. அதன் பின்னும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே விற்கலாம். மாகாணம் முழுவதும் 12 இலட்சம் ஏக்கர் வழங்கப்பட்டதாக நிலமீட்பு இயக்கங்கள் கூறுகின்றன.

மல்ரோசாபுரம்

அரசு நிலத்துக்காகக் காத்திராமல் மிஷனே குடியிருப்புகளை அமைத்ததும் உண்டு. 1890-களில் ஆடம் ஆண்ட்ரூ சிங்கப்பெருமாள் கோவில் அருகே பண்ணையோடு கூடிய ஒரு குடியிருப்பை ஏற்படுத்தினார். ஸ்காட்லாந்தின் மெல்ரோஸ் என்ற ஊர்ப்பெயரால் அது மெல்ரோசாபுரம் எனப்பட்டது. மக்கள் வழக்கில் மல்ரோசாபுரம் ஆயிற்று. மிராசுதாரரின் மனையை விட்டு வெளியேறி உழவர்கள் தனியே வாழவும் பயிரிடவும் ஓர் இடம் என்பதே இதன் நோக்கம். ஒரகடம் நெடுஞ்சாலை சென்னை–திருச்சி சாலையைச் சந்திக்கும் பகுதியை ஒட்டி, தொழிற்சாலைகளுக்கு நடுவே அவ்வூர் இன்றும் உள்ளது.

மருத்துவப் பணி

நிலத்தோடு மருத்துவமும் வளர்ந்தது. இக்காட்டில் வெஸ்லியன் மிஷன் மருத்துவமனையும் பெண்களுக்கான பின்னல் கைத்தொழில் பயிற்சியும் நடத்தியது. செங்கல்பட்டை அடுத்த திருமணியில் ஸ்காட்லாந்துத் திருச்சபை மிஷன் 1920-களில் தொழுநோயாளிகளுக்காக லேடி வில்லிங்டன் இல்லத்தைத் தொடங்கியது. குடும்பத்தாலும் ஊராலும் ஒதுக்கப்பட்டவர்களுக்கு அது தங்குமிடமாகவும் சிகிச்சையிடமாகவும் இருந்தது. தொழுநோய் மருத்துவத்தில் புகழ்பெற்ற ராபர்ட் கோக்ரேன் அங்குப் பணியாற்றினார். 1955-இல் மத்திய அரசு அதை ஏற்று, தொழுநோய்ப் பயிற்சிக்கும் ஆய்வுக்குமான நிறுவனமாக்கியது.

பணியின் குறைகள்

இந்த வரலாற்றைப் புகழுரையாக மட்டும் எழுத இயலாது. மிஷனின் உதவி மதமாற்ற எதிர்பார்ப்போடு பிணைந்திருந்தது. பஞ்சகாலத்தில் சேர்ந்தவர்களை ‘அரிசிக் கிறித்தவர்’ என்று வெளியார் ஏளனம் செய்தனர். மிஷனரிகளிலும் சிலர் அவர்களின் உண்மைத்தன்மையை ஐயுற்றனர். பசித்தவர் உணவும் மரியாதையும் கிடைக்கும் இடத்தை நாடுவதில் வெட்கப்பட ஏதுமில்லை என்று அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை. மிஷன் குடியிருப்புகளில் குடியானவர்களின் ஒழுக்கமும் வழிபாடும் மேற்பார்வைக்கு உட்பட்டன. பழைய எசமானுக்குப் பதில் கனிவான புதிய எசமான் என்ற நிலை சில இடங்களில் உருவானது. திருச்சபைக்குள் சாதி ஒழியவும் இல்லை.

விடுதலைக்குப் பின்

27 செப்டம்பர் 1947 அன்று தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது ஸ்காட்லாந்து மிஷனின் சபைகளும் வெஸ்லியன் சபைகளும் அதில் இணைந்தன. பள்ளிகள் நிலைத்தன. மருத்துவத்தில் ஒரு பகுதியை அரசு ஏற்றது. நிலம் மட்டும் கைநழுவியது. நிபந்தனை இருந்தும் கடனுக்கும் மிரட்டலுக்கும் போலி ஆவணத்துக்கும் பஞ்சமி நிலங்கள் பல பிறரிடம் சென்றன.

1994-இல் செங்கல்பட்டு மாவட்டத்தின் காரணை கிராமத்தில் பஞ்சமி நிலத்தை மீட்கும் போராட்டம் எழுந்தது. அக்டோபர் 10 அன்று நடந்த காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் உயிரிழந்தனர். நூறாண்டுக்கு முன் மனு எழுதித் தொடங்கிய ஒரு கோரிக்கை உயிர்ப்பலியில் வந்து நின்றது. அப்போராட்டத்தால்தான் பஞ்சமி நிலம் என்ற சொல் தமிழகமெங்கும் பரவியது.

அதன் பின் சில ஆண்டுகளிலேயே இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை எழுந்தது. சிப்காட் தொழிற்பூங்காக்கள் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என விரிந்தன. நிலத்தின் விலை பன்மடங்கு உயர்ந்தது. நிலம் எடுக்கப்படும்போது பட்டா உள்ளவருக்கு இழப்பீடு கிடைக்கும். அதே நிலத்தில் கூலிக்கு உழுதவருக்கு அந்த வேலையும் போய்விடும். ஒரு குடும்பம் பட்டா வைத்திருந்ததா என்ற பழைய கேள்வி, அதன் அடுத்த தலைமுறை தொழில் வளர்ச்சியில் பங்கு பெறுமா என்பதையும் தீர்மானித்தது.

மதிப்பீடு

செங்கல்பட்டுத் திருச்சபைகளின் நலப்பணியில் மூன்று படிகளைக் காணலாம். பசிக்கு உணவு தருவது முதல் படி. பள்ளியும் மருத்துவமும் தருவது இரண்டாவது. உதவி பெறுபவர் இனி உதவி கேட்க வேண்டாதபடி அவர் பெயரில் ஓர் உரிமையை ஏற்படுத்துவது மூன்றாவது. முதல் இரண்டுக்கும் ஊரில் எதிர்ப்பு குறைவாகவே இருந்தது. பல வேளைகளில் பாராட்டும் கிடைத்தது. மூன்றாவதற்குத்தான் மிராசுதாரர், கணக்குப்பிள்ளை, வருவாய் அதிகாரி ஆகியோரின் எதிர்ப்பு ஒன்றுசேர்ந்து வந்தது. எந்த உதவி ஏழ்மையின் வேரைத் தொடுகிறது என்பதற்கு அந்த எதிர்ப்பே சான்று.

இன்று இதே பகுதியில் உதவி தேவைப்படுவோர் மாறியுள்ளனர். வடமாநிலங்களிலிருந்து வந்து வாடகை அறைகளில் நெருங்கித் தங்கும் தொழிலாளர்கள், விடுதிகளில் வாழும் இளம்பெண்கள், ஒப்பந்தக் கூலிகள் ஆகியோர் அவர்களில் அடங்குவர். எந்த மதத்தைச் சேர்ந்த தொண்டர் குழுவாயினும் அவர்களுக்கு ஒரு வேளை உணவு தருவது நல்ல செயலே. சம்பளச் சீட்டு, குடும்ப அட்டை, தொழிலாளர் ஈட்டுறுதி மருத்துவம், விபத்து இழப்பீடு ஆகியவற்றை அவரவர் பெயரில் பெற்றுத் தர உடன் நிற்பது, அன்று தர்க்காஸ்து எழுதிக் கொடுத்த உபதேசியாரின் வேலையைத் தொடர்வதாகும்.