லென்ஸ் கணக்கு சரி, படம் மட்டும் ஏன் மங்கல்?

1839-ல பாரிஸ்ல விற்பனைக்கு வந்த டாகுவேர் கேமராவுல ஃபோகஸ் பண்றதுன்னா, ஒரு மரப்பெட்டிக்குள்ள இருக்கிற இன்னொரு பெட்டியை முன்னும் பின்னும் இழுக்கணும். எவ்வளவு இழுக்கணும்? அதுக்குப் பள்ளிக்கூட இயற்பியலே போதும். லென்ஸின் குவியத் தூரத்தையும் ஆள் உட்கார்ந்திருக்கும் தூரத்தையும் பெருக்கி, ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தால வகுங்க. அந்தக் கேமராவுக்குக் குவியத் தூரம் சுமார் 380 மில்லிமீட்டர். ஆள் 2 மீட்டர்ல இருந்தா, விடை 469 மில்லிமீட்டர். அதாவது, தூரத்து மலையைப் பிடிக்கும்போது இருந்த இடத்திலிருந்து தகடு கிட்டத்தட்ட 9 சென்டிமீட்டர் பின்னால போகணும்.

மங்கல் கண்ணாடியில பார்த்தா பிம்பம் பளிச்சுனு இருக்கும். ஆனா தகட்டைப் பாதரச ஆவியில காட்டி எடுத்தா முகம் கலங்கியிருக்கும். கழுத்துக்குப் பின்னால இரும்புத் தாங்கியை வெச்சு, அசையாம உட்கார்ந்த மனுஷனோட பொறுமையும் காசும் போச்சு. நெகட்டிவும் கிடையாது, ஒரே தகடுதான்.

சூத்திரத்துல பிழை இல்ல. அதுக்குக் கொடுத்த இன்புட்லதான் சிக்கல். நம்ம கண் பெரும்பாலும் மஞ்சள், பச்சை ஒளியை வெச்சு ஃபோகஸ் பார்க்குது. வெள்ளி அயோடைடு பூசின தகடோ நீலத்துக்கும் ஊதாவுக்கும்தான் மசியும். கண்ணாடி நீலத்தை அதிகமா வளைக்கும், அதனால ஒரே லென்ஸுக்கு ரெண்டு குவியத் தூரம். சாதாரண ஒற்றை லென்ஸ்ல இந்த வித்தியாசம் சுமார் 2 சதவீதம். 380-ல பார்த்தா 7 மில்லிமீட்டருக்கு மேல! ரெண்டு வகைக் கண்ணாடியை ஒட்டி இதைக் குறைச்சாங்கதான். ஆனா அந்தத் திருத்தமும் டெலஸ்கோப்ல பார்க்கிற கண்ணுக்காகச் செஞ்சது, தகட்டுக்காக இல்ல.

இதைப் பிடிச்சுக்கிட்டவர் அந்துவான் கிளாதே. லண்டன்ல கண்ணாடி வியாபாரம் செஞ்ச பிரெஞ்சுக்காரர். 1841-ல அடிலெய்டு கேலரி மொட்டைமாடியில ஸ்டூடியோ திறந்தவர். அவர் செஞ்ச கருவி பேரு ஃபோசிமீட்டர். விசிறி மாதிரி சில துண்டுகள், ஒவ்வொண்ணும் கேமராவிலிருந்து வேற வேற தூரத்துல, மேல எண்களோட. ஒரு எண்ணைக் கண்ணால ஃபோகஸ் பண்ணிப் படம் எடுப்பார். தகட்டுல எந்த எண் தெளிவா விழுதுன்னு பார்ப்பார். அந்த ரெண்டு எண்ணுக்கும் உள்ள இடைவெளியிலிருந்து, தகட்டை எவ்வளவு நகர்த்தணும்னு தெரிஞ்சிடும். டெவலப்பர் மொழியில சொன்னா, சுத்தமான டெஸ்ட் கேஸ். எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது, அவர் கணக்கைத் தூக்கிப் போடல. ஒவ்வொரு லென்ஸையும் தனியா அளந்து, அந்தத் திருத்தத்தைக் கணக்கோட சேர்த்துக்கிட்டார்.

அப்புறம் லென்ஸ்காரங்க கண்ணுக்கும் தகட்டுக்கும் ஒரே இடத்துல குவியிற மாதிரி செய்ய ஆரம்பிச்சாங்க. தகட்டையே மாத்தலாம்னு 1873-ல காட்டினவர் ஜெர்மன் வேதியியலாளர் ஹெர்மான் ஃபோகல்: சாயம் சேர்த்தா தகடு பச்சையையும் பார்க்கும்.