குதிரைக்கு உடம்பு பிடித்துவிடுதல்: லாயத்து வேலை பாடமாகிய வரலாறு

குதிரையின் தசைகளைக் கையால் நீவியும் அழுத்தியும் பிசைந்தும் இறுக்கத்தைத் தளர்த்தும் வேலையை இன்று 'குதிரை மசாஜ்' என்கிறார்கள். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இதற்கெனப் பயிற்சிப் பள்ளிகள் உள்ளன. சான்றிதழ் உண்டு, கட்டணமும் உண்டு. ஆனால் வேலை பழையது. குதிரையை மனிதன் கட்டி வளர்த்த காலமெல்லாம் லாயத்தில் யாரோ ஒருவர் அதைத் தேய்த்துவிட்டுக்கொண்டுதான் இருந்தார். அந்தக் கைவேலை தனியே கற்க வேண்டிய கல்வியாகக் கருதப்பட்டது மட்டும் கடந்த அறுபது ஆண்டுகளில்தான்.

காறை எலும்பு இல்லாத விலங்கு

வரலாற்றுக்குள் போகுமுன் குதிரையின் உடலைக் கொஞ்சம் பார்த்துவிட வேண்டும். மனிதனுக்குக் காறை எலும்பு இருக்கிறது. கையை உடம்போடு இணைப்பது அதுதான். குதிரைக்கு அது கிடையாது. அதன் முன்கால்கள் இரண்டும் தசைகளாலும் தசைநாண்களாலும் மட்டுமே உடலோடு கட்டப்பட்டிருக்கின்றன. இரண்டு தூண்களுக்கு நடுவே தூளி கட்டியதுபோல மார்புக்கூடு அந்தத் தசைகளில் தொங்குகிறது. வகுப்பில் இதைச் சொன்னால் மாணவர்கள் எளிதில் நம்புவதில்லை.

நிற்கும் குதிரையின் எடையில் ஏறக்குறைய 60 விழுக்காட்டை முன்கால்களே தாங்குகின்றன. 500 கிலோ குதிரை என்றால் 300 கிலோ. அதன்மேல் சேணம், ஆள், ஓட்டம், தாவல். இத்தனையையும் தாங்குவது தோளையும் கழுத்தடியையும் சுற்றிய தசைகள். முழங்காலுக்குக் கீழேயோ சதை என்று சொல்ல எதுவுமில்லை, எல்லாம் நாண்களே. அந்த நாண்களை இழுக்கும் தசை மேலே இருக்கிறது. மேலே தசை இறுகினால், கீழே நாணுக்குச் சேதம் வருகிறது. குதிரை காலை எட்டிவைக்கத் தயங்கும்போது அனுபவமுள்ளவர்கள் தோளையும் தடவிப் பார்ப்பது இதனால்தான்.

தோலும் அப்படியே நுட்பமானது. ஈ ஒன்று வந்து உட்கார்ந்தால் அந்த இடத்துத் தோலை மட்டும் குதிரை துடிக்கவைக்கும். ஈயின் எடையை உணரும் உடம்பு, மனிதன் கை வைக்கும் விதத்தையும் உணரும்.

களிமண் பலகையும் கிரேக்க நூலும்

குதிரைப் பராமரிப்பைப் பற்றி நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய விரிவான எழுத்து, கிக்குலி என்பவருடையது. மித்தானி நாட்டைச் சேர்ந்த குதிரைப் பயிற்சியாளர், கி.மு. 14ஆம் நூற்றாண்டு அளவில் ஹிட்டைட் அரசில் பணிபுரிந்தவர். இன்றைய துருக்கியிலுள்ள போகாஸ்கோய் என்ற இடத்தில் கிடைத்த களிமண் பலகைகளில் அவருடைய பயிற்சி முறை பதிவாகியுள்ளது. தேர்க்குதிரையை ஆறு மாதத்துக்கும் மேலாக நாள்வாரியாகப் பழக்கும் அட்டவணை அது. எத்தனை தூரம் ஓட்டுவது, எப்போது தீனி, எப்போது பட்டினி என்பதோடு, ஓடி முடித்த குதிரையைக் கழுவுவது, எண்ணெய்ப் பசை பூசுவது, போர்வை போர்த்துவது எல்லாம் அட்டவணைக்குள்ளேயே வருகின்றன. ஓட்டம் எவ்வளவு முக்கியமோ ஓட்டத்துக்குப் பிந்திய கவனிப்பும் அவ்வளவு முக்கியம் என்று அன்றே கருதியிருக்கிறார்கள். ஓட்டச் சுற்றுகளைக் குறிக்க அவர் வழங்கிய எண்ணுப் பெயர்கள் சமஸ்கிருதத்தின் ஏக, பஞ்ச, சப்த என்ற சொற்களுக்கு நெருங்கியவை என்பது மொழியியலாருக்குப் பெரிய விருந்து.

ஆயிரம் ஆண்டுகள் கழித்துக் கிரேக்கத்தில் செனோபோன் வருகிறார். சாக்ரட்டீசின் மாணவர், போர்வீரர். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் குதிரையேற்றம் பற்றி அவர் எழுதிய சிறு நூல் இன்றும் படிக்கப்படுகிறது. குதிரையைத் துப்புரவு செய்வதைத் தலையிலிருந்தும் பிடரியிலிருந்தும் தொடங்க வேண்டும். மேலே அழுக்கிருக்கக் கீழே தேய்த்துப் பயனில்லை. தலையில் எலும்பு அதிகம், ஆகவே மரக்கருவியோ இரும்புக்கருவியோ படாமல் தண்ணீரால் மட்டும் கழுவ வேண்டும். முதுகெலும்பின் மேல் எந்தக் கருவியும் கூடாது, மயிர் படிந்திருக்கும் திசையில் வெறும் கையாலேயே தேய்க்க வேண்டும். வாயை மென்மையாக வைத்திருக்க, மனிதர் உடம்பை மென்மையாக்குபவையே உதவும்.

இவற்றைவிட முக்கியமான ஒரு குறிப்பு, இளங்குட்டியைப் பழக்கும் பகுதியில் இருக்கிறது. குதிரை எங்கே தொட்டால் மகிழுமோ அங்கே தொடும்படி குதிரைக்காரனுக்குச் சொல்ல வேண்டும் என்கிறார். ரோமம் அடர்ந்த இடங்களும், ஏதாவது உறுத்தினால் குதிரை தானே நீக்கிக்கொள்ள முடியாத இடங்களும்தான் அவை.

1993-இல் வெளியான ஓர் ஆய்வை இதனருகில் வைத்துப் பார்க்கலாம். தென்பிரான்சின் காமார்க் குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் கோதிவிடும்போது கழுத்தடியையும் முதுகின் முன்மேட்டையும் அதிகம் விரும்புவதைக் கவனித்த ஆய்வாளர்கள், அதே இடத்தைக் கையால் தேய்த்துப் பார்த்தார்கள். இதயத் துடிப்பு குறைந்தது. குதிரை அவ்வளவாக விரும்பாத வேறிடத்தைத் தேய்த்தபோது அவ்வாறு குறையவில்லை. செனோபோனிடம் கருவி எதுவுமில்லை. குதிரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

நம் பக்கத்துச் செய்தி

இந்தியாவில் கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் குதிரைகளுக்கென ஓர் அதிகாரியை வைத்து, ஒரு தனி அத்தியாயமே ஒதுக்குகிறது. நாளைக்கு இருமுறை குளிப்பாட்டி, வாசனைப் பொருளும் மாலையும் அளிக்க வேண்டும் என்கிறது. மருத்துவத்தில் குறையோ கவனக்குறைவோ நேர்ந்து நோய் முற்றினால் செலவைப்போல இருமடங்கு தண்டம். குதிரை இறந்தால் அதன் விலையையே கட்ட வேண்டும். தொட்டவர் பொறுப்பேற்க வேண்டும் என்ற இந்த விதி பின்னால் மீண்டும் வரப்போகிறது.

சாலிஹோத்திரர் பெயரால் வழங்கும் குதிரை மருத்துவ மரபு வடநாட்டில் வேரூன்றியது. இந்தியில் கால்நடை வைத்தியரைக் குறிக்கும் 'சலோத்ரி' என்ற சொல் அவர் பெயரிலிருந்தே வந்தது. இந்த மரபில் குதிரையின் நிறம், சுழி, இலட்சணம் ஆகியவை வகித்த இடம் பெரியது. சுழி பார்த்துக் குதிரை வாங்கும் கலையை எழுதிவைத்த அளவுக்கு, அதைத் தேய்த்துவிடும் கையை யாரும் எழுதிவைக்கவில்லை என்பது என் எண்ணம். எழுதியவர் வேறு, தேய்த்தவர் வேறு.

தமிழ்நாட்டுக்கும் இதில் ஒரு சோகமான பங்கு உண்டு. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு அரபு, பாரசீகக் கடற்கரைகளிலிருந்து ஆண்டுதோறும் குதிரைகள் கப்பலில் வந்தன. பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப், கீஷ் தீவின் வணிகர் ஆண்டுக்கு 1,400 குதிரைகளை அனுப்ப ஏற்பாடு இருந்ததாகவும் ஒவ்வொன்றின் விலை 220 பொன் தினார் என்றும் எழுதுகிறார். மார்க்கோ போலோ சொல்வது இன்னும் கடுமை: அரசர் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கு மேல் வாங்குகிறார், ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை, பராமரிக்கத் தெரிந்தவர் இல்லை, தெரிந்தவரை அனுப்பவும் வணிகர்கள் விடுவதில்லை, ஏனெனில் குதிரை செத்தால்தான் அடுத்த குதிரை விற்கும். எண்களில் பயணியின் மிகை இருக்கலாம். ஆனால் வஸ்ஸாப் தரும் விவரம் காரணத்தைக் காட்டுகிறது. வந்த குதிரைகளை நாற்பது நாள் முளையடித்துக் கயிற்றால் கட்டிப்போட்டு, வறுத்த தானியமும் நெய்யும் காய்ச்சிய பாலும் கொடுத்துக் கொழுக்கவைத்து, பிறகு திடீரென்று ஏறி விரட்டுவார்களாம்.

குதிரைத் தசைக்கு இதைவிடக் கேடு வேறில்லை. ஓய்வும் நிறைதீனியும் தந்து, பின் திடீர் உழைப்பு கொடுத்தால் தசைநார்கள் சிதையும் ஒரு நோய் வருவதுண்டு. ஞாயிறு ஓய்ந்து திங்களன்று வண்டியில் பூட்டப்பட்ட குதிரைகளுக்கு வந்ததால் ஐரோப்பாவில் அதைத் 'திங்கட்கிழமை நோய்' என்றே அழைத்தார்கள். பின்தொடை மரக்கட்டைபோல இறுகும், வியர்த்துக் கொட்டும், சிறுநீர் காப்பி நிறத்தில் போகும். பாண்டியர் லாயத்தில் இறந்தவற்றுள் எத்தனை இப்படி இறந்தனவோ!

பெயரில்லாத கைகள்

பிற்காலக் குதிரைப்படைகளில் தேய்ப்பு ஓர் அன்றாடக் கட்டளையாயிற்று. இங்கிலாந்தில் காய்ந்த புல்லை ஈரமாக்கி, நம் வைக்கோல் பிரிபோல முறுக்கிப் பின்னி, அதைக்கொண்டு கழுத்திலும் தோளிலும் பின்தொடையிலும் தாளம் தவறாமல் தட்டித் தேய்ப்பார்கள். இடுப்பின் மேலும் எலும்பின் மேலும் தட்டக்கூடாது. கால்களைக் கையால் கீழிருந்து மேலாக, இதயத்தை நோக்கி உருவிவிடுவார்கள். இந்தியாவில் குதிரைக்கு ஒரு சைஸ் என்ற வழக்கம் இருந்தபடியால் இந்த மாலிஷுக்குப் பஞ்சமில்லை. உள்ளங்கையும் முன்கையும்தான் கருவி. ஆங்கிலத்தில் இன்று தலைக்குப் போடும் 'ஷாம்பு' என்ற சொல்கூட, அழுத்திப் பிடித்துவிடுவதைக் குறிக்கும் 'சாம்போ' என்ற இந்திச் சொல்லிலிருந்து 18ஆம் நூற்றாண்டில் போனதே.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வண்டியும் ஏரும் படையும் குதிரையைக் கைவிட்டன. குதிரை விளையாட்டுக்கும் பொழுதுபோக்குக்கும் உரியதாயிற்று. குதிரைக்காரர்கள் குறைந்தார்கள், ஒருவரே பல குதிரைகளைப் பார்க்க வேண்டிய நிலை, அல்லது உரிமையாளரே பார்க்க வேண்டிய நிலை. தினம் ஒரு மணி நேரம் தேய்க்க ஆளில்லை. லாயத்தில் கை குறைந்த பிறகுதான் வெளியிலிருந்து ஒரு கையைக் கூலி கொடுத்து அழைக்கும் தேவை பிறந்தது என்று நான் கருதுகிறேன்.

மனிதரிடமிருந்து குதிரைக்கு

அழைக்கப்பட்ட கை கொண்டுவந்தது மனித மசாஜின் இலக்கணம். சுவீடனின் பெர் ஹென்ரிக் லிங் 1813-இல் ஸ்டாக்ஹோமில் உடற்பயிற்சி நிறுவனம் தொடங்கியதும், அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் நெதர்லாந்து மருத்துவர் மெஸ்கர் நீவுதல், பிசைதல், தட்டுதல் என்று முறைகளை வகுத்ததும் அதன் அடித்தளம்.

இதைக் குதிரைமேல் முறையாகப் பொருத்தியவர்களில் முதன்மையானவர் ஜாக் மீகர் என்ற அமெரிக்கர். விளையாட்டு வீரர்களுக்கு மசாஜ் செய்துவந்தவர். 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் அமெரிக்கக் குதிரையேற்ற அணியின் குதிரைகளுக்குப் பணிபுரிந்தார். தசை எலும்பில் போய்ப் பற்றும் இடங்களில்தான் இழுவை அதிகம், அங்கேதான் முதலில் முடிச்சு விழுகிறது என்பது அவர் அடிப்படை. குதிரைகளின் தசைக் காயங்களைப் பற்றி அவர் 1985-இல் வெளியிட்ட நூல், எந்தத் தசை இறுகினால் நடையில் எந்தக் குறை தெரியும் என்று வரிசைப்படுத்தியது. நுணுக்கமான சைஸுக்குக் கைப்பழக்கமாக இருந்த அறிவு, பெயரிட்டுக் கற்பிக்கத்தக்க அறிவானது இங்கேதான்.

கனடாவில் பிறந்த லிண்டா டெல்லிங்டன்-ஜோன்ஸ் வேறு வழியில் வந்தார். 1965-இலேயே கணவருடன் சேர்ந்து குதிரை மசாஜ் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். அதன் மூலம், பந்தயக் குதிரைப் பயிற்சியாளராக மாஸ்கோவில் பணியாற்றிய லிண்டாவின் தாத்தா. தம் லாயத்தில் ஒவ்வொரு குதிரையையும் தினம் அரைமணி நேரம் உடல் முழுதும் தேய்க்கவைத்தவர் என்று லிண்டா எழுதியிருக்கிறார். 1975-இல் அவர் மோஷே ஃபெல்டன்கிரைஸிடம் உடலியக்கக் கல்வி பயிலச் சென்றார். பிசைந்து இறுக்கத்தை உடைப்பதைவிட, விரல்களால் தோலை மெல்ல ஒன்றேகால் சுற்று நகர்த்தி நரம்பு மண்டலத்தின் கவனத்தை ஈர்ப்பது அவர் முறையாயிற்று. மீகருக்குத் தசை முக்கியம். இவருக்குக் குதிரையின் அச்சம் தணிவது முக்கியம். 2011-இல் நூல் வெளியிட்ட ஜிம் மாஸ்டர்சன் இன்னொரு படி போய், கை வைத்ததும் குதிரை காட்டும் அடையாளத்தையே வழிகாட்டியாக்கினார். கண் சிமிட்டுதல், உதட்டை நக்குதல், மெல்லுதல், கொட்டாவி. அடையாளம் வந்த இடத்தில் கை நிற்க வேண்டும். குதிரை விலகினால் அழுத்தத்தைக் குறைக்க வேண்டும்.

கற்போர் முதலில் பழகுவது அழுத்துவதை அல்ல, தடவி அறிவதை. விரித்த உள்ளங்கையைக் கழுத்தில் வைத்து மெல்லப் பின்னோக்கி நகர்த்தி, சூடு, குளிர்ச்சி, இறுக்கம், துடிப்பு ஆகியவற்றைக் குறிப்பார்கள். பிறகு மறுபக்கம் சென்று ஒப்பிடுவார்கள். ஒரு குதிரைக்கு எது இயல்பு என்று அதன் மறுபாதியே சொல்லும். பின்னர்தான் நீவுதலும் பிசைதலும். காய்ச்சல், திறந்த புண், புதுக் காயத்தின் வீக்கம் ஆகியவை இருந்தால் கை வைக்கக்கூடாது. மேலே சொன்ன திங்கட்கிழமை நோயில் இறுகிய தொடையைப் பிசைவது பெருந்தவறு. குதிரையை நடத்தாமல் நிறுத்திக் கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும்.

யார் தொடலாம்?

மசாஜ் முடிந்து குதிரை இலகுவாக நடந்தால் எல்லாருக்கும் மகிழ்ச்சி. ஆனால் நொண்டலுக்குக் காரணம் எலும்பு விரிசலாகவோ குளம்புக்குள் சீழாகவோ இருந்து, தசையின் இறுக்கம் அதைக் காக்கும் தற்காப்பாக இருந்தால்? இறுக்கத்தை மட்டும் எடுத்துவிட்டால் குதிரை மேலும் ஓடி மேலும் சிதையும். வலி எங்கே என்று அது சொல்லப்போவதில்லை. மசாஜ் பற்றிய ஆய்வுகளோ பெரும்பாலும் சில குதிரைகளை மட்டும் வைத்துச் செய்யப்பட்டவை. மன அமைதிக்குக் கிடைத்த ஆதாரம் நோய் தீர்வதற்குக் கிடைக்கவில்லை.

பிரிட்டனில் 1962-ஆம் ஆண்டு ஆணையொன்று, கால்நடை மருத்துவரின் வழிகாட்டுதலில் விலங்குகளுக்கு இயன்முறைச் சிகிச்சை செய்யப் பிறருக்கு இடமளித்தது. 1966-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழும் அது தொடர்ந்தது, 2015-இல் புதிய ஆணை வந்தது. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. மேரிலாந்தில் மனித மசாஜுக்கு உரிமம் பெற்ற ஒரு பெண் குதிரைகளுக்கும் செய்துவந்தபோது, அதை நிறுத்தும்படி அதிகாரிகள் கூறினர். அவர் 2008-இல் வழக்குத் தொடுத்தார். பின்னர் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. மசாஜ் மருத்துவமா பராமரிப்பா என்ற கேள்வி மற்ற மாநிலங்களில் இன்றும் ஒரே விடையைப் பெறவில்லை.

இந்தியாவில் 1984-ஆம் ஆண்டின் கால்நடை மருத்துவ மன்றச் சட்டம் கால்நடை மருத்துவத்தைப் பதிவு பெற்றவர்களுக்கு உரியதாக்கியது. மாலிஷ் அந்த வரையறைக்கு வெளியே, லாயத்திலேயே நிற்கிறது. பந்தயக் குதிரை காலை ஓட்டம் முடிந்து திரும்பியதும் அதன் காலை உருவிவிடுவது சைஸின் வேலை. அதற்குச் சான்றிதழும் கிடையாது, தனிக் கூலியும் கிடையாது.