வெங்காயத்தாள்

குமிழ் பருக்கும் முன்பே தாளோடு பிடுங்கப்படும் இளம் வெங்காயமே வெங்காயத்தாள். அன்றாடம் சமைக்கும் வெங்காயத்தின் (அல்லியம் செபா) இளம்பயிரும், சீனாவில் தோன்றிய அல்லியம் ஃபிஸ்டுலோசம் என்ற தனி இனமும் இப்பெயரில் விற்பனையாகின்றன. பின்னது எவ்வளவு வளர்ந்தாலும் அடியில் பெரிதாகத் திரளாது.

சமைக்காத 100 கிராம் தாளில் ஏறத்தாழ 90 கிராம் நீர்தான். 32 கலோரி, 2.6 கிராம் நார்ச்சத்து, 19 மில்லிகிராம் வைட்டமின் சி, 64 மைக்ரோகிராம் ஃபோலேட் உண்டு. வைட்டமின் கே மட்டும் 207 மைக்ரோகிராம். முற்றிய வெங்காயத்தில் இது 1 மைக்ரோகிராம்கூடத் தேறாது. ஒளிச்சேர்க்கை நடக்கும் பச்சைத் திசுவில்தான் இச்சத்து உருவாகிறது. பீட்டா கரோட்டினும் அப்படியே. வெள்ளைப் பகுதியை வைத்துக்கொண்டு பச்சையைக் குப்பையில் போடுவது, சத்தின் பெரும்பங்கை வீணாக்குவதாகும். வைட்டமின் கே, பீட்டா கரோட்டின் இரண்டும் கொழுப்பில் கரைபவை என்பதால் சிறிது எண்ணெயோ தேங்காயோ சேர்ந்தால் உடல் நன்றாக ஏற்கும். வைட்டமின் கே இரத்தம் உறைய உதவுவதால், உறைதலைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை உட்கொள்வோர் வெங்காயத்தாளை ஒருநாள் மிகுதியாகவும் மறுநாள் அறவே இல்லாமலும் உண்ணக் கூடாது. மருத்துவரைக் கேட்டு அளவைச் சீராக வைத்துக்கொள்ள வேண்டும்.

நறுக்கும்போது திசு சிதைந்து, அல்லினேஸ் நொதி கந்தகச் சேர்மங்களை உடைப்பதால் மணம் எழுகிறது. சூடு அந்நொதியைச் செயலிழக்கச் செய்யும். எனவே வெள்ளைத் தண்டை முதலில் வதக்கி, பச்சையை இறக்கும் தறுவாயில் சேர்ப்பதே சரி.

தென்சீனாவின் கான்டன் சமையலில், ஆவியில் வெந்த மீன்மீது இஞ்சியையும் தாளையும் மெல்லிய இழைகளாகக் குவித்து, புகையும் எண்ணெயை ஊற்றுவார்கள்; மணம் அந்தக் கணத்தில் எழும். கொரியாவின் பாஜோன் அடையில் தாள் நீளவாக்கில் மாவில் படிந்திருக்கும். ஜப்பானில் கியோத்தோவின் குஜோ நெகி பச்சைக்கும், குன்மாவின் ஷிமோனிதா நெகி பருத்த வெண்தண்டுக்கும் பெயர்பெற்ற வகைகள். ஸ்பெயினின் கத்தலோனியாவில் உள்ள வால்ஸ் நகரில், மண்ணணைத்து வளர்த்த கால்சோட் வெங்காயத்தைத் தீயில் கருகச் சுட்டு, மேல்தோல் உரித்து, பாதாம் சேர்ந்த சாந்தில் தோய்த்துத் தின்பார்கள்.

தமிழ்நாட்டு உணவகங்களில் ஃப்ரைடு ரைஸ், மஞ்சூரியன் மேல் தூவும் பொருளாகவே பலர் இதை அறிவர். ஆனால் பாசிப்பருப்பும் தேங்காய்த் துருவலும் சேர்த்த பொரியலில்தான் தாளைக் கீரைபோல நிறைய உண்ண முடியும்.

பச்சையாக உண்பதால் தூய்மை முக்கியம். 2003இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 500க்கும் மேற்பட்டோரைத் தாக்கிய ஹெபடைடிஸ் ஏ, மாசுபட்ட வெங்காயத்தாளால் பரவியது. வேரை நீக்கி, இதழ்களைப் பிரித்து, ஓடும் நீரில் கழுவ வேண்டும். கழுவினாலும் கிருமி முற்றிலும் நீங்கும் என்று சொல்வதற்கில்லை. நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள் வேகவைத்தே உண்பது நல்லது.