ரோபோ வந்தால் வாத்தியார் எதற்கு?

பி.எட். படிக்கும் அக்கா, "ரோபோ வந்தால் எங்களுக்கு வேலை இருக்குமாடா?" என்று கேட்டாள். இந்தப் பயம் புதிதல்ல நண்பர்களே!

1954-ல் அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் ஒரு 'கற்பிக்கும் இயந்திரம்' செய்தார். கேள்வி கேட்பது இயந்திரம், விடை சொல்வது மாணவன்.

1967-ல் சீமோர் பேப்பர்ட்டும் நண்பர்களும் லோகோ என்ற கணினி மொழியை உருவாக்கினார்கள். அதற்கென்று பிறகு ஓர் ஆமை ரோபோ வந்தது. தரையில் ஊர்ந்து பேனாவால் கோடு போடும். சதுரம் வேண்டுமா? "முன்னே போ, 90 டிகிரி திரும்பு" என்று நான்கு முறை சொல்ல வேண்டும். தப்பினால் திருத்துவதும் குழந்தைதான். இங்கே ரோபோதான் மாணவன்!

விடையை மட்டும் திருத்தும் ஆசிரியருக்கு இயந்திரம் போட்டிதான். ஆமை ஏன் தப்பியது என்று யோசிக்க வைக்கும் ஆசிரியருக்கு அது இன்னொரு கரும்பலகை. அக்காவிடம் இதைத்தான் சொன்னேன். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?