பிரஜையும் குடிமகனும்: சிங்கப்பூர் வாக்குரிமையில் இந்தியர் நிலை, 1948–1959

1948 மார்ச் 20 அன்று சிங்கப்பூர் தன் முதல் சட்டமன்றத் தேர்தலைக் கண்டது. அதற்கு முந்தைய ஆண்டின் கணக்கெடுப்பில் தீவின் மக்கள்தொகை சுமார் 938,000. அதில் சீனர் ஏறத்தாழ 78 விழுக்காடு. இந்தியர் 7 விழுக்காட்டுக்குச் சற்று மேல். ஆனால் வாக்காளராகப் பதிந்த 22,000 சொச்சம் பேரில் பாதிக்கு நெருக்கமானவர்கள் இந்தியர். இந்தப் பலம் இந்தியருக்குச் சலுகையாக வழங்கப்பட்டதன்று, பிரிட்டிஷ் பேரரசின் பிரஜைச் சட்டத்தால் தற்செயலாக வாய்த்தது. அரசே வாக்காளரைப் பட்டியலில் சேர்க்கத் தொடங்கியதும் அது கரைந்தது, அச்சட்டத்தின் இடத்தில் வந்த குடியுரிமை அதன் அடிப்படையையே அகற்றியது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

வாக்களிக்கும் தகுதி 21 வயது நிரம்பிய, தீவில் வசிக்கும் பிரிட்டிஷ் பிரஜைகளுக்கே இருந்தது. இந்த விதியில் இனத்தின் பெயர் எங்கும் இல்லை. ஆயினும் தஞ்சாவூரில் பிறந்து இங்கே துறைமுகத்தில் கூலி வேலை பார்த்தவர் பிரிட்டிஷ் இந்தியாவில் பிறந்ததால் பிரஜை. சுவாத்தோவில் பிறந்து முப்பது ஆண்டுகள் இங்கே கடை நடத்திய சீனரோ அந்நியர். ஜொகூரில் பிறந்த மலாய்க்காரர் சுல்தானின் குடி. பேரரசின் பாதுகாப்பில் இருந்தாலும் பிரஜை ஆகமாட்டார். சிங்கப்பூரிலேயே பிறந்த சீனருக்குத் தகுதி இருந்தது. ஆனால் பெயரைத் தாமே முன்வந்து பதிய வேண்டும். மன்றத்தின் மொழியோ ஆங்கிலம். மலாய ஜனநாயக ஒன்றியம் என்ற கட்சி தேர்தலையே புறக்கணித்தது.

மன்றத்தின் 22 இடங்களில் ஆறுக்கு மட்டுமே தேர்தல். ஐரோப்பிய, சீன, இந்திய வர்த்தகச் சங்கங்களுக்குத் தலா ஓரிடம். முற்போக்குக் கட்சி மூன்று இடங்களையும் சுயேச்சைகள் மூன்று இடங்களையும் பிடித்தனர். 1951இல் தேர்தல் இடங்கள் ஒன்பதாகவும் வாக்காளர் சுமார் 48,000 ஆகவும் உயர்ந்தபோது, சிலேத்தார் தொகுதியில் விலாசினி மேனன் சுயேச்சையாக வென்றார்.

பேரரசின் பிற பகுதிகளோடு ஒப்பிட்டால் இந்தத் தற்செயல் இன்னும் தெளிவாகும். இந்தியாவில் 1909ஆம் ஆண்டுச் சட்டம் முஸ்லிம்களுக்குத் தனி வாக்காளர் தொகுதிகளை வகுத்தது. இலங்கையில் 1931இல் அனைவருக்கும் வாக்குரிமை வந்தது. ஆனால் விடுதலை பெற்ற இலங்கை, 1948இல் இயற்றிய குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது, வாக்குரிமையும் பறிபோனது. சிங்கப்பூரில் தமிழ்த் தொழிலாளி முதன்முதலாக வாக்களித்ததும் அதே ஆண்டில்தான். இருவருமே தமிழகக் கிராமங்களிலிருந்து பிழைக்கக் கப்பலேறியவர்களின் வழி வந்தவர்கள்.

சிங்கப்பூரில் திருப்பம், அரசியலமைப்பை ஆராய்ந்த ரெண்டல் ஆணையம் 1954இல் வெளியிட்ட அறிக்கையோடு வந்தது. சட்டமன்றத்தின் 32 இடங்களில் 25க்குத் தேர்தல் என்றும், தகுதியுள்ளோரை அரசே பட்டியலில் சேர்க்கும் என்றும் அது பரிந்துரைத்தது. வர்த்தகச் சங்கங்களின் இடங்கள் நீங்கின. 1955 தேர்தலில் வாக்காளர் எண்ணிக்கை 3 லட்சத்தைத் தொட்டது. உள்ளூரில் பிறந்த சீனர் பெருமளவில் பட்டியலுக்குள் வந்தனர். எண்ணிக்கையில் இந்தியருக்கு இருந்த மேல்நிலை அத்தோடு முடிந்தது. ஆங்கிலமே மன்ற மொழியாக நீடிக்கட்டும் என்ற ஆணையத்தின் முடிவைச் சீன வர்த்தகச் சங்கம் எதிர்த்தது. முதலமைச்சர் டேவிட் மார்ஷல் ஆட்சியில், 1956இல், சீனம், மலாய், தமிழ் மொழிகளிலும் பேச மன்றம் இசைந்தது. வாக்காளர் பட்டியலில் பாதிக்கு நெருக்கமாக இருந்த நாளில் இந்தியருக்குக் கிட்டாத மொழியுரிமை, சீனர் நடத்திய போராட்டத்தின் விளைவாகத் தமிழுக்குக் கிடைத்தது.

1957ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் சீனாவில் பிறந்தவர்களுக்கும் நீண்ட கால வசிப்பின் பேரில் வழிவிட்டது. 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பதிந்தனர். பிறந்த ஊர் தந்த தகுதி இனிப் போதாது, இந்த மண்ணோடு தம்மைப் பிணைத்துக்கொள்ள வேண்டும் என்பதை உணர்ந்து, தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி குடியுரிமை பெறுமாறு தமிழரை வலியுறுத்தினார். வாக்களிப்பு கட்டாயமான 1959 தேர்தலில் மக்கள் செயல் கட்சி 51இல் 43 இடங்களை வென்றது. வென்ற ஒரே சுயேச்சை ஏ. பி. ராஜா, அவர் நின்றது இன்றைய லிட்டில் இந்தியாவை ஒட்டிய ஃபேரர் பார்க் தொகுதி.

பின்னர் குடியரசான சிங்கப்பூரில் 1988இல் வந்த, வேட்பாளர்கள் பலர் ஓரணியாக நிற்கும் குழுத்தொகுதி முறை, ஒவ்வோர் அணியிலும் சிறுபான்மை வேட்பாளர் ஒருவரேனும் இருக்க வேண்டும் என்றது. காலனிய வாக்காளர் விதி இனத்தைக் குறிப்பிடாமலேயே ஓர் இனத்தை உயர்த்தியது. குடியரசின் விதியோ இனத்தை வெளிப்படையாகச் சொல்லி, எண்ணிக்கையில் சிறிய இனங்களுக்கு இடம் ஒதுக்குகிறது. முன்னதில் இந்தியர் பெற்றது பேரரசு இருக்கும்வரை மட்டுமே செல்லக்கூடிய பலம். பின்னதில் பெறுவது உறுதியான இடம். ஆனால் அந்த இடத்துக்கு யார் வருவார் என்பதைப் பெரும்பாலும் அணியை அமைக்கும் கட்சியே தீர்மானிக்கிறது.