பாக்தாத்தில் ஒரு நியூயார்க் நம்பர்

சதாம் ஆட்சியில் பாக்தாத்காரர்களுக்கு செல்போனே கிடையாது. 2003 மார்ச்சில் அமெரிக்கப் படைகள் பாக்தாத்தை நெருங்கிக்கொண்டிருந்தபோதே, வாஷிங்டனில் அடுத்த சண்டை ஆரம்பமாகிவிட்டது. ஜிஎஸ்எம் ஐரோப்பியச் சரக்கு, நம்ம ஊர் சிடிஎம்ஏவைப் போடுங்கள் என்றார் கலிபோர்னியா எம்.பி. டேரல் இஸா. சிடிஎம்ஏவை வளர்த்த குவால்காமும் கலிபோர்னியாதான். குவைத், ஜோர்டான் எல்லாம் ஜிஎஸ்எம்மில் பேசிக்கொண்டிருந்தன. எல்லை தாண்டினால் போன் வேலை செய்யணுமே என்றுதான் என்னைப் போன்ற எஞ்சினியர் யோசிப்பான்.

ஜூலையில் பஹ்ரைனின் பட்டெல்கோ பாக்தாத்தில் சேவையைத் தொடங்கியது. லைசென்ஸ் இல்லையென்று சில நாட்களிலேயே ஆக்கிரமிப்பு நிர்வாகம் மூடவைத்தது. அதிகாரிகளுக்கு மட்டும் எம்சிஐ போட்ட தனி நெட்வொர்க். நம்பர் 914, அதாவது நியூயார்க் மாநிலக் கோடு!

அக்டோபரில் மூன்று லைசென்ஸ்: வடக்கே ஆசியாசெல், நடுவில் ஒராஸ்காம், தெற்கே அதீர். மூன்றுமே ஜிஎஸ்எம். ஆனாலும் சண்டை ஓயவில்லை. இதில் ஊழல் என்றார் பென்டகன் அதிகாரி ஜாக் ஷா. அவரே வேறொரு ஒப்பந்தத்தின் வழியாக சிடிஎம்ஏவை நுழைக்கப் பார்த்தார் என்று புகார் வந்தது. 2004 டிசம்பரில் பதவி போனது.

2007-ல் ஈராக் அரசே 15 வருட லைசென்ஸ்களை ஏலம் விட்டது. ஒவ்வொன்றும் 125 கோடி டாலர். அந்த அலைவரிசைக்கு உரிமையாளர் சொன்ன முதல் விலை அதுதான்.